‘ஸ்டில்லே நாக்ட்’ கீதம்: தோற்றக் கதையும் ஈர்ப்பின் காரணமும்

ஆங்கிலத்தில் ‘சைலண்ட் நைட்’ என அறியப்படும் ‘ஸ்டில்லே நாக்ட்’ என்னும் ஜெர்மன் கிறிஸ்துமஸ் கீதம், 1818 டிசம்பர் 24 அன்று, சால்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஒபர்ன்டார்ஃப் என்னும் ஆற்றங்கரை ஊரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் முதன்முதலாகப் பாடப்பட்டது. ஆலயத்தின் ஆர்கன், அதாவது துருத்திக் காற்றால் ஒலிக்கும் குழலிசைப் பெருங்கருவி, எலிகள் கடித்ததால் பழுதாகிவிட, வேறு வழியின்றி ஒரே நாளில் கிதாருக்கென இப்பாடல் எழுதப்பட்டது என்னும் கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. சுவையான கதைதான், ஆனால் அதற்குச் சான்றில்லை என்பதோடு, தேர்ந்த கலைஞர் இருவரின் ஆக்கத்தை ஒரு விபத்தின் விளைவாகவும் அது சுருக்கிவிடுகிறது.

பாடலுக்கு இசையமைத்த பள்ளி ஆசிரியரும் ஆர்கன் இசைஞருமான ஃபிரான்ஸ் சேவர் குரூபர், 1854இல் பெர்லின் அரசவை இசைக்குழுவினர் விசாரித்தபோது எழுதியனுப்பிய குறிப்பில், உதவிப் பங்குக்குரு யோசஃப் மோர் தம்மிடம் ஒரு கவிதையைத் தந்து, இரு தனிக்குரல்களுக்கும் பாடகர் குழுவுக்கும் கிதார் பின்னணிக்கும் ஏற்ற மெட்டைக் கேட்டதாகக் கூறுகிறாரேயன்றி, பழுதான ஆர்கனைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. மேலும், 1995இல் வெளிச்சத்துக்கு வந்த மோரின் கையெழுத்துப் படி, கவிதை 1816ஆம் ஆண்டுக்கு உரியது எனக் குறிப்பிடுவதால், கவிதையையும் அந்த ஒரே நாளின் அவசரத்தில் பிறந்ததாகக் கொள்ள இடமில்லை.

பாடலின் ஈர்ப்பு அதன் எளிமையில் உள்ளது என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மையே. தாளம், ஐரோப்பிய இசையில் இடையர் காட்சிகளுக்குரிய ‘சிசிலியானா’ என்னும் ஊசலாடும் நடையைச் சேர்ந்தது. பின்னணிக்கு மூன்று அடிப்படைச் சுரக்கூட்டுகளே பெரும்பாலும் போதும். எனினும், இன்று பாடப்படும் வடிவத்தில் மெட்டின் வீச்சு ஒரு ஸ்தாயியைத் தாண்டி மேல் ஸ்தாயியின் நான்காம் சுரம் வரை நீள்கிறது. தொடக்கத்தில் ஒருசில சுரங்களுக்குள்ளேயே அசைந்து, ஈற்றடியில் உச்சத்தைத் தொட்டு, அடி மீள வரும்போது ஆதார சுரத்தில் இறங்கி அமர்கிறது. தாலாட்டின் சாயலும் துதிப்பாடலின் எழுச்சியும் ஒருங்கே அமைந்த இக்கட்டமைப்பே அதனை ஆலயத்துக்கு வெளியேயும் வாழவைத்தது எனக் கருதலாம்.

சில்லர்டால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஸ்ட்ராசர், ரைனர் குடும்பப் பாடகர்கள் இதனைத் தம் நாட்டுப்புறப் பாடல்களோடு சேர்த்துப் பாடிப் பரப்பினர். ரைனர் குழு 1839இல் நியூயார்க்கிலும் பாடியது. இப்பயணத்தில் ஆசிரியர் பெயர்கள் உதிர்ந்தன. ஆறு சரணங்களுள் மூன்றே பெருவழக்காக நிலைத்தன. உலக மக்களனைவரையும் உடன்பிறந்தாராக அணைக்கும் இறைவனைப் பாடும் நான்காம் சரணம் விடுபட்டது சிறிய இழப்பன்று. நெப்போலியன் போர்கள் ஓய்ந்து, பலமுறை கைமாறிய சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவோடு இணைக்கப்பட்ட 1816இல் எழுதப்பட்ட கவிதை அது. ஆகவே, இக்கீதத்தை வெறும் தொட்டில் பாட்டாக மதிப்பிடுவது பொருந்தாது. ஆறு சரணங்களையும் சேர்த்து வாசித்தே அதன் இயல்பை வரையறுக்க வேண்டும்.