முன் அனுமதியின் வரலாறு

மதுரை–திண்டுக்கல் சாலையிலுள்ள சமயநல்லூரில் பட்டா மாறுதலுக்கு எவரேனும் லஞ்சம் கேட்டால் குடிமக்கள் நாட வேண்டியது, 1964இல் தோற்றுவிக்கப்பட்டு மாநில அரசின் கீழ் இயங்கும் லஞ்ச ஒழிப்புத் துறையையே. தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையில் 1962இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமும் 1964இலேயே உருவானது. ஆயினும் அறிவுரை கூறும் உரிமை மட்டுமே ஆணையத்துக்குக் கிடைத்தது. புலனாய்வோ, 1946ஆம் ஆண்டின் தில்லி சிறப்புக் காவல் நிறுவனச் சட்டத்தை இன்றளவும் நம்பியிருக்கும் சிபிஐயிடம் இருந்தது.

அந்தப் புலனாய்வை யார் தொடங்கலாம் என்பதே தீராத வழக்காயிற்று. இணைச் செயலர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகளை விசாரிக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 1969 முதல் வழங்கிவந்த ‘ஒற்றை ஆணை’ எனும் நிர்வாக உத்தரவை, வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில் நீக்கியது. நீக்கப்பட்டதையே 2003இல் நாடாளுமன்றம் அந்த 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஏ பிரிவாக்கி மீட்டது. 1998இல் மதுரையிலிருந்து மக்களவைக்குத் தேர்வான சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில், குற்றம் புரிந்தோரைப் பதவியை வைத்துப் பிரிப்பது சமத்துவத்துக்கு முரண் என்று கூறி, அப்பிரிவையும் அரசியல் சாசன அமர்வு 2014 மே 6 அன்று ரத்து செய்தது. நான்கே ஆண்டுகளில், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவாக, எல்லா நிலை அரசு ஊழியர்களுக்கும் விரிந்து, அனுமதி மூன்றாம் முறை உயிர்பெற்றது. நேர்மையான முடிவுகளை எடுக்க அதிகாரிகள் அஞ்சக்கூடாது என்ற காரணத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் அனுமதி தரும் இடத்தில், விசாரணைக்குள்ளாகக் கூடிய அரசே அமர்ந்திருக்கிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெருங்குறை.

ஊழியர் தம் பணியில் அளித்த பரிந்துரை அல்லது எடுத்த முடிவு தொடர்பான விசாரணைக்கே 17ஏ அனுமதி கோருகிறது. லஞ்சம் வாங்குகையில் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு அது தேவையில்லை. எனவே ரசாயனப் பொடி தடவிய நோட்டைத் தொட்டவரின் விரல்கள் கரைசலில் இளஞ்சிவப்பாக மாறினால், கீழ்நிலை ஊழியர் அன்றே கைதாகிறார். பெரும் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்த கோப்போ அனுமதிக்காகக் காத்திருக்கிறது. மதுரை மாவட்டத்து கிரானைட் முறைகேடுகளை ஆராய, 2014இல் உயர் நீதிமன்றமே ஐஏஎஸ் அதிகாரி உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமிக்க நேர்ந்ததையும் இவ்விடத்தில் கருத வேண்டும்.

அனுமதிக் கேள்வி மத்திய, மாநில அரசுகளுக்கு இடையிலும் உண்டு: மாநிலத்துக்குள் புலனாய்வு செய்ய சிபிஐக்கு அளித்திருந்த பொது இசைவைத் தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில், லஞ்சம் பெற்றதாகக் குற்றஞ்சாட்டி, மத்திய அமலாக்கத் துறையின் மதுரை அலுவலக அதிகாரி ஒருவரை மாநில லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. அவ்விசாரணையை யார் நடத்துவது என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.