ஊட்டச்சத்துக் கண்காணிப்பு (இந்தியா)

மக்களின் உணவு, உடல்நிலை பற்றிய தரவுகளைத் தொடர்ந்து திரட்டி, உரிய காலத்தில் முடிவெடுக்கப் பயன்படுத்தும் ஏற்பாடு. ஐதராபாத்தை மையமாகக் கொண்டு 1972இல் தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகம் இந்தியாவில் தொடங்கப்பட்டது. எடை பார்ப்பதால் பசி தீராது, அதற்கு ஆகும் பணத்தில் உணவே வழங்கலாம் என்பது கண்காணிப்புக்கு எதிராகக் கூறப்படும் வலுவான வாதம். ஆனால் யாருக்கு உணவு உடனே தேவை என்பதை அளவீடுதான் காட்டும். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டார்கள். வளர்ச்சி அட்டையில் கோடு ஏறாமல் நின்ற குழந்தைக்கு, அது மீண்டும் ஏறும்வரை கூடுதல் உணவு கொடுத்தார்கள். அளந்த இடத்திலேயே, அளந்தவரே முடிவெடுத்தார் என்பதே இதன் சிறப்பு. தலைநகருக்கு அனுப்பிவிட்டு அறிக்கைக்குக் காத்திருந்தால், அதற்குள் அந்தக் குழந்தையின் முக்கியமான மாதங்கள் போய்விடும்.

வேலைப்பளு மிகுந்த அங்கன்வாடி ஊழியரின் பதிவுகளை நம்பலாமா என்ற ஐயமும் நியாயமானதே. எடைக்கருவியின் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்க மறந்தாலே கணக்கு பிழையாகிவிடும். அதற்காகப் பதிவைக் கைவிட முடியாது. சார்பற்ற மாதிரி ஆய்வால் அதைச் சரிபார்க்க வேண்டும். அத்தகைய ஆய்வுகளை நடத்திவந்த பணியகம் 2015இல் மூடப்பட்டது. 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலி அங்கன்வாடிப் பதிவுகளைத் திரட்டுகிறது. பணியகத்தின் சரிபார்ப்புப் பணிக்கு அது ஈடாகாது.