கேரவன் பயணத்தில் இருவழி வானொலி

அமெரிக்காவில் படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு கூடிய கேரவன்களில் ஊர் சுற்றுவோர், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள வைத்திருக்கும் கருவி இருவழி வானொலி. கைபேசிக் கோபுரம் எட்டாத மலைப்பாதையிலும் பாலைவனச் சாலையிலும்தான் இதன் அருமை தெரியும்.

இக்கருவியின் வகைகளில், 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் சிபி ரேடியோவுக்கு 40 சேனல்கள், உரிமம் வேண்டாம். 9ஆம் சேனல் அவசர உதவிக்கு உரியது. 19இல் லாரி ஓட்டுநர்கள் விபத்து, நெரிசல் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே போவார்கள். எஃப்ஆர்எஸ் எனும் வாக்கி-டாக்கிக்கும் உரிமம் தேவையில்லை. திறன் 2 வாட்டுக்கு மேல் போகாது. ஜிஎம்ஆர்எஸ் எனும் இன்னொரு வகை 50 வாட் வரை செல்லும். இதற்கான 10 ஆண்டு உரிமம் ஒன்றே குடும்பம் முழுவதற்கும் போதும்.

வாக்கி-டாக்கிப் பெட்டியில் அச்சிட்ட மைல் கணக்கை நம்ப வேண்டாம். அது மறைப்பே இல்லாத வெளிக்குத்தான் பொருந்தும். மரமும் குன்றும் குறுக்கிட்டால் எட்டும் தூரம் வெகுவாகச் சுருங்கிவிடும். உலோகக் கூடுள்ள வண்டியில் ஆன்டெனாவை வெளியே பொருத்துவதே முறை.

நீண்ட வண்டியைப் பின்னோக்கி எடுத்து நிறுத்தும்போது இக்கருவி பேருதவி. பின்னால் நிற்பவரின் குரல்தான் அப்போது ஓட்டுநருக்குக் கண். அக்குரல் ஒரு கணம் அறுந்தாலும் வண்டியை உடனே நிறுத்திவிட வேண்டும்.