அஞ்சடியும் அடைத்த கதவும்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு வரிசையை அளக்க என்னை அனுப்பினார்கள். அஞ்சடியில் நடக்க எவ்வளவு இடம் மிச்சம் என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். பூக்கூடை, தேங்காய் மூட்டை, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் சிவப்பு மையில் 'இடையூறு' என்று குறித்துக்கொண்டே போனேன். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்து உதவியது பூக்கடை அக்காதான். தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ நானும் இடையூறா தம்பி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நாற்காலி அவருடையது.

அந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

1822இல் ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்குக் கொடுத்த கட்டளைகளில் ஒன்று, ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட தாழ்வாரம் இருக்க வேண்டும், அது தெரு நெடுக நடப்பவர்களுக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது. நம் அஞ்சடி அப்படி வந்தது. இதில் ஒரு சிக்கல் முதல் நாளிலிருந்தே இருந்தது. நிலம் வீட்டுக்காரருடையது, வழி ஊருடையது. கடைக்காரர் அரிசி மூட்டையை வெளியே அடுக்கினால் தன் இடத்தில்தான் அடுக்குகிறார், ஊரார் வழியையும்தான் மறிக்கிறார். இரண்டும் உண்மை.

1888 பிப்ரவரியில் நகராட்சித் தலைவர் ரொவெல் இதற்கு ஒரு முடிவு கட்டப் பார்த்தார். அஞ்சடிகளைக் காலி செய்ய ஆட்கள் இறங்கினார்கள். கடைக்காரர்கள், பெரும்பாலும் சீனர்கள், மனு எழுதிக் காத்துக்கொண்டிருக்கவில்லை. பலகைக் கதவுகளை இழுத்து அடைத்துவிட்டார்கள். ஊரே கடை திறக்காத நிலை. அப்போது ஓடிய நீராவி டிராம் மேல் கல் விழுந்தது. வராந்தா கலவரம் என்று வரலாற்றில் பெயர். ரகசியச் சங்கங்களின் வேலை என்று அன்றே சொன்னவர்கள் உண்டு. அடியாட்கள் இருந்திருக்கலாம், இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிழைப்பு ஆட்டம் காணாத ஒரு வியாபாரி, அடியாள் சொன்னான் என்பதற்காக மட்டும் தன் ஒரு நாள் வியாபாரத்தை விடுவாரா? கடைசியில் நகராட்சிதான் இறங்கி வந்தது. அஞ்சடி முழுவதும் காலியாக வேண்டாம், ஆள் நடக்க வழி விட்டால் போதும் என்று சமரசம் ஆனது.

இந்தக் கதையில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கதவுதான். அடைப்பதற்கு ஒரு கதவு இருந்ததால் அவர்களால் பேரம் பேச முடிந்தது.

கதவே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? தலையில் கூடை, தோளில் காவடி, தள்ளுவண்டி, ஓரத்தில் சரபத்துக் கடை. இவர்கள் ஒரு நாள் வராவிட்டால் அதிகாரிக்கு நிம்மதி, அவ்வளவுதான். அதனால்தான் போருக்குப் பின் 1950இல் ஆளுநர் கிம்சன் அமைத்த அங்காடிக்காரர் விசாரணைக் குழு முக்கியமாகிறது. தெரு வியாபாரிகளைத் தொல்லையாக மட்டும் பார்க்கும் அதிகாரிகளின் மனநிலையை அதன் அறிக்கை குறை சொன்னது. மலிவான சோறும் வேலையும் இவர்களால்தான் கிடைக்கின்றன என்று அரசாங்கத் தாளிலேயே ஏறியது. ஆனாலும் மாற்றம் வர ஆண்டுகள் பிடித்தன. 1968-69 கணக்கெடுப்பில் சுமார் 24,000 பேர் பதிவானார்கள். 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்கள் எழுந்தன. தண்ணீர்க் குழாயும் கூரையும் உரிமமும் கிடைத்தன. தெரு போனது. என் தாத்தா காலத்து ஆட்கள் இதை நஷ்டம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நாம்தான் பழைய தெருவின் படத்தைப் பார்த்து உருகுகிறோம்.

2020இல் நிலைமை தலைகீழ். சர்க்கிட் பிரேக்கர் சமயத்தில் கதவை அடைத்தது அரசாங்கம். வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைத்தொகுதிகளில் இருந்தவர்களுக்கு 1888இன் ஆயுதமும் கையில் இல்லை, ஏனென்றால் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்பது முதற்கொண்டு ஒப்பந்தத்தில் இருக்கும். சிறு கடைக்காரர்கள் சிலர் 'சிங்கப்பூர் டெனன்ட்ஸ் யுனைடெட் ஃபார் ஃபேர்னஸ்' என்று கூடிக் குரல் கொடுத்தார்கள். வாடகைத் தள்ளுபடிச் சட்டம் வந்தது. நிரந்தரத் தீர்வு வேண்டும் என்ற பேச்சு ஓயவில்லை. 2021இல் நடத்தை விதிகள், 2023இல் சட்டம், 2024 பிப்ரவரி 1இல் நடைமுறை.

அதில் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். வாடகையை இரண்டு விதமாகக் கணக்கிட்டு எது அதிகமோ அதை வாங்கும் பழக்கத்துக்கு அது கடிவாளம் போடுகிறது. இரண்டு சூத்திரம் வைத்துக்கொண்டு எப்போதும் பெரிய விடையையே எடுப்பவனை எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெளியே அனுப்பியிருப்பார்கள். சந்தையில் அதற்குப் பல வருஷம் பெயர் ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்குத்தான் இந்தச் சட்டம் பொருந்தும். மாதாமாதம் வாய்ப்பேச்சில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

போன மாதம் அந்தக் கடைவீட்டுப் பக்கம் போனேன். அஞ்சடித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். நாற்காலி கோட்டுக்குள்ளே, பூக்கூடையின் விளிம்பு கொஞ்சம் வெளியே. அக்காவுக்கு என்னை ஞாபகம் இல்லை. ரெண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டேன். அளந்து தரும்போது ஒரு விரற்கடை கூடவே விட்டார்.