இடைச்செருகலே மூலபாடமான வீடு: மில்வாக்கியின் 'போலிஷ் ஃபிளாட்'

அமெரிக்காவின் நடுமேற்கில், மிச்சிகன் ஏரிக்கரை நகரமான மில்வாக்கியின் தென்பகுதியில் பழைய வீடொன்றைப் புதுப்பிக்க வரும் உள்ளூர் ஒப்பந்தக்காரர், சுவடிப் பதிப்பாசிரியருக்கு உரிய கேள்வியோடு வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது: மூலபாடம் எது, இடைச்செருகல் எது? வீட்டை 'அதன் பழைய நிலைக்கு'க் கொண்டுவரச் சொல்லும் உரிமையாளர் ஏதோ ஓர் ஆண்டை மனத்தில் வைத்தே சொல்கிறார். 'போலிஷ் ஃபிளாட்' என்று அங்கே அழைக்கப்படும் வீட்டுக்கு அப்படி ஓர் ஆண்டைக் குறிப்பது எளிதன்று. திருத்தி அமைத்ததன் விளைவாகவே அது அந்தப் பெயரைப் பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரஷ்ய ஆட்சியின்கீழ் இருந்த போலந்துப் பகுதிகளிலிருந்து வந்து குவிந்தவர்கள் மில்வாக்கியின் தோல் பதனிடும் ஆலைகளிலும் வார்ப்பாலைகளிலும் உழைத்தனர். 1886 மே 5 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டு பே வியூ இரும்பாலையை நோக்கி நடந்து, மாநிலப் படையின் துப்பாக்கிச் சூட்டை எதிர்கொண்ட கூட்டத்தில் பெரும்பான்மையோர் இவர்களே. கூலி குறைவு, வேலையும் உறுதியற்றது. ஆயினும் சொந்த மனை வாங்குவதில் இவர்கள் காட்டிய பிடிவாதம் அன்றைய பார்வையாளர்களையே வியக்க வைத்தது. சுமார் 30 அடி அகல மனையில் முதலில் எழுவது சில அறைகள் மட்டும் கொண்ட ஒரு சிறு மரவீடு. சில ஆண்டுகள் கழித்துக் கையில் பணம் சேர்ந்ததும், அந்த வீட்டை அப்படியே திருகு ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தி, அடியில் பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக இன்னொரு குடியிருப்பைக் கட்டினர். மேல்வீட்டுக்கு ஏறிச்செல்ல வெளியே படிக்கட்டு. அதனருகே, பல வீடுகளில் அதன் அடியிலேயே, கீழ்வீட்டுக்குத் தனி வாசல். பின்னர் கொல்லைப்புறத்தில் ஓர் அறை சேரும், கூரைக்கடியில் ஓர் அறை சேரும்.

முழு வீட்டையும் தூக்குவது விந்தையாகத் தோன்றலாம். சாலைமட்டம் உயர்ந்து வீடு பள்ளத்தில் நின்றுவிட, அதை ஜாக்கி வைத்து உயர்த்துவதைச் சென்னையில் கண்டவர்களுக்கு அத்தனை விந்தையாக இராது. நடுமேற்கின் மரவீடுகள் பெருந்தூண்களை நம்பாமல், மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி ஆணியடித்துக் கட்டப்பட்டவை. எடை குறைவென்பதால் அவற்றைத் தூக்கவும் முடிந்தது, நகர்த்தவும் முடிந்தது.

இந்தக் கட்டுமானத்தின் இலக்கணம் வாடகையில் இருக்கிறது. கீழே குடியமர்ந்தவர் உறவினராகவோ, புதிதாக ஊரிலிருந்து வந்தவராகவோ இருந்தார். அவர் தந்த வாடகை மேலே இருந்தவரின் கடன் தவணையாயிற்று. சில குடும்பங்கள் தாமே கீழே இறங்கி, வெளிச்சமான மேல்வீட்டை வாடகைக்கு விட்டதும் உண்டு. ஒண்டுக்குடித்தனம் என்று நாம் சொல்வதன் எல்லா நெருக்கடிகளும் அங்கே இருந்தன. கூடவே ஆள் வைத்துச் சமைத்துப்போட்டு, துணி துவைத்துக் கொடுத்த பெண்களின் உழைப்பும் அந்தத் தவணைக்குள் அடங்கியிருந்தது. பத்திரங்களில் அது பதிவாகவில்லை. கடன் தந்தவை பெரும்பாலும் போலந்துச் சமூகத்தார் தமக்குள் நடத்திய வீட்டுச் சேமிப்புச் சங்கங்கள். அவற்றை 'ஸ்கார்ப்' என்றனர். போலிஷ் மொழியில் அச்சொல்லுக்குக் கருவூலம், புதையல் என்று பொருள். வட்டிக்கடைக்கு இப்படியொரு பெயர் ஒட்டாது என்பதை மொழியியல் படித்தவள் என்ற முறையில் ஒரு வரி குறித்துவிட்டுச் செல்கிறேன்.

இந்த மக்களின் கோயிலும் இவ்வகையானதே. புனித யோசபாத் ஆலயத்தைக் கட்ட முனைந்த பங்குத்தந்தை வில்ஹெல்ம் குருட்ஸா, சிகாகோவில் இடிக்கப்பட்ட தபால் அலுவலக - சுங்க மாளிகையின் இடிபாடுகளை 20,000 டாலருக்கு வாங்கி, சுமார் 500 சரக்கு ரயில் பெட்டிகளில் மில்வாக்கிக்குக் கொண்டுவந்தார். 1896இல் தொடங்கிய பணி 1901இல் நிறைவுற்றது. அரசுக் கட்டடத்தின் கல்லும் தூணும் குவிமாடத் தேவாலயமாயின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீர்திருத்தவாதிகள் கீழ்வீடுகளில் ஈரத்தையும் இருளையும் நெரிசலையும் மட்டுமே கண்டனர். அவர்கள் கண்டது பொய்யன்று. ஆனால் அதே சுவர்கள் ஒரு குடும்பத்தின் ஏற்றத்தைக் குறித்த படிநிலைகள் என்பதைக் கட்டட வரலாற்றாய்வாளர் தாமஸ் ஹப்காவும் புவியியலாளர் ஜூடித் கென்னியும் பிற்காலத்தில் விளக்கிக் காட்டினர். எனக்கு அவர்கள் வாசிப்பே ஏற்புடையது, நோய்ச்சுமையை அது சற்று மென்மையாகக் கடந்துவிடுகிறது என்ற குறை இருந்தாலும்.

அடுத்து வந்தது அரசின் பணம். 1934ஆம் ஆண்டின் தேசிய வீட்டுவசதிச் சட்டம், வீட்டைப் புதுப்பிக்க வங்கிகள் தரும் 2,000 டாலர் வரையிலான கடனுக்குக் கூட்டாட்சி அரசின் காப்பீட்டை அளித்தது. தவணையில் வீட்டைத் திருத்தித் தரும் ஒப்பந்தக்காரர் ஒரு தொழிலாக நாடெங்கும் வேரூன்றியதில் அச்சட்டத்துக்குப் பெரும்பங்குண்டு. வீடுவீடாக ஏறி ஏமாற்றிய விற்பனையாளர்களும் அதன் நிழலில் வளர்ந்தனர்; 1954இல் அது தேசிய ஊழலாக வெடித்தது. பழைய மரப்பலகைச் சுவர்கள்மேல் தார்த்தகடும் அலுமினியமும் படிந்தது அந்தப் பத்தாண்டுகளில்தான்.

இன்றைய ஒப்பந்தக்காரர் அந்தத் தகடுகளை உரிக்கிறார். 1978க்கு முந்தைய வீடென்பதால் ஈயப்பூச்சைக் கையாளும் சான்றிதழ் அவரிடம் இருக்க வேண்டும். பதிவுபெற்ற வரலாற்று வீடாக இருந்தால், வெளிப்புறத்துக்கும் கட்டுமான வலுவுக்கும் மின்சாரம், குழாய் முதலியவற்றுக்கும் ஆகும் தகுதியான செலவில் 25 விழுக்காட்டை விஸ்கான்சின் மாநிலம் வரிச்சலுகையாகத் தருகிறது. அதற்கு அளவுகோல், 1977இல் வகுக்கப்பட்ட கூட்டாட்சி உள்துறையின் நெறிகள். காலப்போக்கில் ஏற்பட்ட மாற்றங்களுக்கும் தமக்கென வரலாற்று மதிப்பு இருக்கலாம், அவற்றையும் காக்க வேண்டும் என்று அவற்றுள் நான்காவது நெறி சொல்கிறது. போலிஷ் ஃபிளாட்டுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது.

நடைமுறையில் நிகழ்வது வேறு. கீழ்வீட்டின் கூரை தாழ்வு, சன்னல் சிறிது. இரண்டையும் இன்றைய விதிப்படி தனிக்குடியிருப்பாகத் திருத்துவது செலவு மிக்கது. எனவே உள்ளே ஒரு படிக்கட்டு வைத்து இரு வீடுகளையும் ஒன்றாக்குவதே உரிமையாளருக்கு எளிய வழி. தெருவிலிருந்து பார்த்தால் வீடு முன்னைவிடப் 'பழமையாக'த் தோன்றும். இன்று அப்பகுதியில் வாழ்வோரில் பலர் மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்தவர்கள். குறைந்த வாடகைக்கு அவர்களுக்குக் கிடைப்பவற்றுள் அந்தக் கீழ்வீடுகளும் உண்டு. சன்னலின் அளவையும் பலகையின் அகலத்தையும் வரைபடத்தில் குறிக்கிறார்கள். அந்தக் கூரையின்கீழ் எத்தனை குடும்பங்கள் அடுப்பேற்றின என்பதற்கு அதில் கட்டம் இல்லை.