இழப்பின் நடுவே விசுவாசம்: யோபுவும் புனித தேவசகாயமும்



காங்கேயம் பகுதியில் வாழும் நமக்கு மாடு என்பது வெறும் சொத்து அன்று. கிளுவை வேலி போட்ட கொறங்காடும், அதில் வளரும் கொழுக்கட்டைப் புல்லும், அதை மேயும் மாடுகளும் சேர்ந்ததுதான் பல குடும்பங்களின் பிழைப்பு. மழை பொய்த்தால் இவை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுப் போகும். 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அரசு அறிவித்தது. தீவனம் வாங்க வழியின்றி, கட்டுத்தறியிலிருந்து மாடுகளை அவிழ்த்துச் சந்தைக்கு ஓட்டிய அந்த நாட்களை நாம் மறக்கவில்லை. "நாம் என்ன பாவம் செய்தோம்?" என்ற கேள்வி இத்தகைய வேளைகளில்தான் நம் வீடுகளில் எழுகிறது.

யோபுவும் நண்பர்களும்

திருவிவிலியத்தில் இந்தக் கேள்வியின் நடுவே நிற்பவர் யோபு. அவரிடமிருந்து முதலில் பறிபோனவை உழுதுகொண்டிருந்த எருதுகளும் அருகில் மேய்ந்த கழுதைகளும் (யோபு 1:14-15). பிறகு ஆடுகள், ஒட்டகங்கள், பிள்ளைகள், இறுதியில் உடல்நலமும் போயின. அவரைத் தேற்ற வந்த மூன்று நண்பர்கள் முதலில் செய்தது நல்லதே. ஏழு பகலும் ஏழு இரவும் எதுவும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள் (2:13). பேசத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள். 'நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் தண்டனை' என்று விளக்கம் சொன்னார்கள். நூலின் முடிவில் இறைவன் கடிந்துகொள்வது இந்த நண்பர்களையே (42:7). குமுறி அழுது இறைவனிடமே நியாயம் கேட்ட யோபுவை அவர் தள்ளிவிடவில்லை.

நட்டாலத்தின் நீலகண்டன்

யோபுவின் வரலாறு நம் மண்ணிலும் ஒருவரது வாழ்வை மாற்றியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பணியாற்றினார். கால்நடைகள் மடிந்து, விளைச்சலும் பொய்த்து, அவர் மனமுடைந்திருந்த வேளையில் தளபதி டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னதாக அவரது வரலாறு கூறுகிறது. டி லனாயும் இழப்பை அறிந்தவரே. 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்ற டச்சுப் படையில் இருந்து, பிடிபட்டு, பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்தவர் அவர்.

நீலகண்டன் 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 'கடவுளே துணை' என்று பொருள்படும் தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். 1749-இல் கைதாகி, மூன்று ஆண்டுகள் கொடிய வதைகளைத் தாங்கி, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார்.

விசுவாசம் அவரைத் துன்பத்திலிருந்து விலக்கி வைக்கவில்லை. முன்னைவிடப் பெரிய துன்பம்தான் வந்தது. ஆனால் மாடுகளை இழந்து மனமுடைந்த அதே மனிதர், உயிரை இழக்கும் வேளையில் உடையவில்லை. துன்பம் ஏன் வந்தது என்பதற்கு அவர் பெற்ற பதிலைவிட, துன்பத்தில் தம்மோடு இருப்பவர் யார் என்று அவர் அறிந்துகொண்டதே பெரிது.

நாம் செய்யக்கூடியவை

துக்க வீட்டில் நுழைந்ததும் "எல்லாம் கடவுள் சித்தம்" என்று சொல்லிவிடுகிறோம். நல்ல எண்ணத்தோடு சொன்னாலும், அடிபட்ட மனதிற்கு அது யோபுவின் நண்பர்கள் சொன்னதைப் போலவே கேட்கலாம். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, யார் செய்த பாவம் என்று கேட்ட சீடர்களை நம் ஆண்டவர் திருத்தினார் (யோவான் 9:1-3). ஆகவே காரணம் தேட வேண்டாம், அருகில் அமர்வோம். அழுபவர் அழட்டும். சிலுவையில் தொங்கிய ஆண்டவரே, ஏன் கைவிட்டீர் என்று தந்தையிடம் கேட்டார் (மாற்கு 15:34). எனவே இறைவனிடம் முறையிடுவது விசுவாசக் குறைவு ஆகாது.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1984 பிப்ரவரி 11 அன்று துன்பத்தைப் பற்றி ஒரு திருத்தூது மடலை வெளியிட்டார். அதில் அவர் நல்ல சமாரியரை நமக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார். அந்தச் சமாரியர் காயத்தைக் கட்டினார், தம் விலங்கில் ஏற்றிச் சென்றார், செலவையும் ஏற்றார். நமது அன்பியத்திலும் இவ்வாறு செய்ய இடமுண்டு. ஒரு கட்டுத் தீவனம், மருத்துவமனைக்குத் துணையாக ஒரு பயணம், கடன்காரர் முன் நமக்காகப் பேசும் ஒரு குரல் ஆகியவை சிறியவை அல்ல.

இந்த வாரம் நம் பங்கில் துன்புறும் ஒரு வீட்டிற்குச் செல்வோம். குறைவாகப் பேசி, அதிக நேரம் இருப்போம். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.