சனிக்கிழமை வரைதல், மண்பாண்ட வகுப்பு: கொஞ்சம் வரலாறு பேசுவோம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நைட் ஷிப்ட் முடிந்து வந்து மூன்று நாளாக எழுதியது. பொறுமையாகப் படிங்க.

போன வாரம் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலை நம்ம மண்டபத்தில் நடக்கிற வரைதல், மண்பாண்ட வகுப்பைத் தொடர்வதா, நிறுத்துவதா? மூத்த அண்ணன் ஒருவர் கேட்டார்: "தம்பி, எஸ்.பி.எம். கணக்குக்கு டியூசன் வைக்கலாம், தேவாரம் சொல்லிக் கொடுக்கலாம். சட்டி பானை செய்யக் கத்துக்கிட்டு பிள்ளைங்க என்ன பண்ணப் போறாங்க? அது கோயில் வேலையா?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் மண்டபத்தில் கிடக்கிற சேற்றைப் பல நாள் அவர்தான் கழுவியிருக்கிறார். எனக்கு அங்கே சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை.

எனக்கு வயது 54. ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பள்ளி விடுமுறை வந்தால் விடியற்காலையில் அம்மாவோடு வெட்டுக்காட்டுக்குப் போவேன். என் வேலை மங்கு துடைக்கிறது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு மங்கு என்றால் தெரியாது. ரப்பர் மரத்தைச் சீவினால் பால் வழிந்து விழுகிற சின்னக் கிண்ணம்தான் அது. முதல் நாள் பால் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும். அந்தக் கட்டிப்பாலை உரித்துப் போட்டுவிட்டு, உள்ளே விரலை விட்டுச் சுற்றித் துடைத்து, மரத்தில் இருக்கிற கம்பி வளையத்தில் மறுபடி வைக்கணும். எத்தனை ஆயிரம் மங்கு துடைத்திருப்பேனோ, கணக்கே இல்லை. அது சுட்ட மண், உள்ளே வழவழவென்று பூச்சு இருக்கும். யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் கோயில் இளைஞர்களோடு சிங்கப்பூர் போனபோதுதான் அதற்குப் பதில் கிடைத்தது. ஜாலான் பஹாரில் தௌ குவாங் என்ற மண்பாண்டச் சூளை இருக்கிறது. டிராகன் சூளை என்று சொல்வாங்க. செங்கல்லால் கட்டிய நீளமான குகை, மேட்டுச் சரிவில் ஏறிப் போகும், பெரிய பாம்பு படுத்திருக்கிற மாதிரி. கீழே வாய்ப்பக்கம் நெருப்பு மூட்டி, பிறகு இரண்டு பக்கமும் உள்ள ஓட்டைகள் வழியாக விறகு போட்டுக்கொண்டே மேலே போவார்கள். உள்ளே சூடு 1200 பாகையைத் தாண்டும். சீனாவிலிருந்து வந்த குயவர்கள் கொண்டு வந்த முறை இது. தௌ குவாங் சூளை 1940இல் கட்டியது. 1965இல் இப்போதைய குடும்பத்தார் வாங்கினார்கள். பக்கத்திலேயே 1958இல் கட்டிய குவான் ஹுவாட் சூளை. ஜூரோங் பக்கம் நல்ல வெள்ளைக் களிமண் கிடைத்ததால் அந்தக் காலத்தில் அங்கே பல சூளைகள் எரிந்தன. இன்றைக்குச் சிங்கப்பூரில் மிச்சம் இருப்பது இந்த இரண்டும்தான்.

அந்தச் சூளைகளில் என்ன சுட்டார்கள் தெரியுமா? தண்ணீர் சாடி, ஆர்க்கிட் பூந்தொட்டி, அதோடு ரப்பர் தோட்டங்களுக்கு மங்கு!

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு சீனக் குயவர் கைபட்ட கிண்ணத்துக்குள்ளே ஒரு தமிழ்ப் பிள்ளை தினமும் விரலை விட்டுத் துடைத்திருக்கிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

பிறகு பிளாஸ்டிக் வந்தது. ரப்பர் போய் பல தோட்டங்களில் செம்பனை வந்தது. மங்கு யாருக்கு வேண்டும்? சூளைக்காரர்கள் என்ன செய்தார்கள்? பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மண் பிசையச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அங்கே வகுப்பு நடக்கிறது. சூளையும் நிற்கிறது, கைத்தொழிலும் நிற்கிறது.

இனி நம்ம கதைக்கு வருவோம். மண் வேலை நமக்குப் புதுசா? கீழடியில் 2000 வருஷத்துக்கும் முற்பட்ட பானை ஓடுகளில் ஆள் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கீறி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐயனாருக்கு மண் குதிரை செய்து, ஊரே தூக்கிக்கொண்டு போய் வைக்கிற புரவி எடுப்பு இன்றும் உண்டு. அந்தக் குதிரையைச் செய்கிற வேளார்தான் பல ஊர்களில் ஐயனாருக்குப் பூசை செய்கிறவரும். மண் பிசைகிற கைதான் தீபம் காட்டுகிற கை. "அது கோயில் வேலையா" என்று அண்ணன் கேட்டதற்கு இதுதான் என் முதல் பதில்.

அந்தக் காலத்தில் வகுப்பு என்று தனியாகக் கிடையாது. அப்பா சக்கரம் சுற்றுவார், பிள்ளை களிமண்ணை மிதிக்கும், பார்த்துப் பார்த்தே கை பழகிவிடும். வெளியார் பிள்ளைக்கு அங்கே இடமில்லை, அது அந்தக் குடும்பத்தோடு. எல்லாருக்குமான பள்ளிக்கூடம் என்று வந்தது 1850இல். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளி ஆரம்பித்தார். இந்தியாவில் இந்த வகையில் இதுதான் மூத்தது என்பார்கள். அங்கே வரைதலோடு மண்பாண்ட வேலையும் நடந்தது. பின்னாளில் அது அரசாங்கக் கல்லூரி ஆனது.

நம்ம நாட்டில் எப்படி? 1923இல் ரிச்சர்ட் வாக்கர் என்ற ஆங்கிலேயர் சிங்கப்பூரில் அரசாங்க ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஓவிய ஆசிரியராக வந்தார். 1938இல் லிம் ஹக் தாய் சிங்கப்பூரில் நான்யாங் நுண்கலைக் கழகத்தைத் தொடங்கினார். மலாயாவில் பீட்டர் ஹாரிஸ் என்ற கல்வி அதிகாரி 1952இல் கோலாலம்பூரில் புதன்கிழமை ஓவியக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தார். வாரத்தில் ஒரு நாள் கூடி வரைவது, அவ்வளவுதான். அதில் உட்கார்ந்தவர்களில் சிலர் பின்னாளில் நாட்டின் பேர் சொல்லும் ஓவியர்கள் ஆனார்கள். 1958இல் தேசிய ஓவியக் கூடமே வந்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள் கூடுகிற வகுப்பைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீங்க.

இதே காலத்தில் நம்ம பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? 1923 தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்கணும். வைத்தார்கள். பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. எழுத்து, வாய்ப்பாடு, அவ்வளவுதான். சட்டம் கேட்டது பள்ளி, வைத்தவர்களுக்கு வேண்டியது நாளைய வெட்டுக்காரன். ஊரில் தாத்தா குயவராக இருந்தாலும் தச்சராக இருந்தாலும், கப்பலை விட்டு இறங்கியதும் கையில் கொடுத்தது பால் சீவுகிற கத்தி. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு சில குடும்பங்கள் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். பொங்கலுக்கு அவர்கள் பானை இன்றும் கடைக்கு வருகிறது. மற்றபடி நம்மில் பெரும்பாலோர் கை ஒரு தலைமுறையிலேயே மண்ணை மறந்துவிட்டது.

வழி கிடைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் சொல்லணும். சைட் தாஜுடீன் 1943இல் ராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்தில் பிறந்த தமிழ் முஸ்லிம், பினாங்கில் வளர்ந்தவர். மேலே சொன்ன அதே சென்னை ஓவியக் கல்லூரியில் போய்ப் படித்தார். அனுமன் சீதையைக் காண்கிற காட்சியை 1972இல் வரைந்தார். அது நம்ம தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. ராமாயணத்தை நமக்கு வரைந்து கொடுத்தவர் அவர். சிங்கப்பூரின் இஸ்கந்தர் ஜலீல் முதலில் கணக்கு, அறிவியல் வாத்தியார். 1966இல் இந்தியாவுக்குப் போய் நெசவு படித்தார். 1972இல் ஜப்பானில் தாஜிமி என்ற ஊரில் மண்பாண்டம் படித்தார். 1988இல் கலாசாரப் பதக்கம் வாங்கினார். கணக்கும் மண்ணும் ஒரே ஆளிடம் இருக்க முடியும், டியூசன் கேட்கிற பெற்றோர்கள் இதைக் கவனிக்கணும்.

இப்போது நான் செய்கிற வேலையைப் பற்றி. கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். லைனில் ஆயிரக்கணக்கான வெள்ளைக் கைகள் சங்கிலியில் தொங்கிக்கொண்டு போகும். எல்லாம் பீங்கான் கை அச்சு. நாங்கள் போர்மர் என்போம். அதைக் கழுவி, ரப்பர் பாலில் முக்கி, அடுப்பில் காய வைத்து உரித்தால் கையுறை. பாருங்க, மங்கை விட்டு ஓடி வந்தவன் இன்றைக்கும் சுட்ட மண்ணும் ரப்பர் பாலுமாகத்தான் இருக்கிறேன். போர்மரில் மயிரிழை விரிசல் இருந்தால் கையுறையில் ஓட்டை விழும். அந்த விரிசலைக் கண்ணால் பிடிக்கிறவர்கள் எங்கள் ஷிப்டில் மிகக் குறைவு. முதல் ஆள் ஒரு அக்கா, வெள்ளிக்கிழமை கோயிலில் கோலம் போடுகிறவர். "எப்படிக்கா தெரியுது?" என்று கேட்டேன். "கோடு கோணினா எனக்குக் கண்ணு உறுத்தும் தம்பி" என்றார். புதுசாக வருகிற பையன்களுக்கு அந்தக் கண் இல்லை. போன் பார்த்த கண், உற்றுப் பார்க்கத் தெரியாது.

எழுதக் கூச்சமாக இருக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் சின்ன வயதில் நன்றாக வரைவான். படிவம் மூன்று படிக்கும்போது கணக்குப் புத்தகம் முழுக்க முருகனும் மயிலுமாக வரைந்து வைத்திருந்தான். பரீட்சையில் மார்க் குறைந்த கோபத்தில், "இது உனக்குச் சோறு போடுமா?" என்று கேட்டு அவன் கண் முன்னாலேயே வரைபடப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பென்சிலையும் அதன் பிறகு எடுக்கவில்லை. இப்போது பாலம் தாண்டி மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான், நன்றாகத்தான் சம்பாதிக்கிறான். போன தைப்பூசத்துக்குக் காவடி அலங்காரம் வரைய ஆள் தேடினபோது, "நீ வரைஞ்சு கொடுப்பா" என்றேன். "மறந்து போச்சுப்பா" என்றான். அவனைச் சொல்லி என்ன, மறக்க வைத்தவன் நான்.

கோயிலுக்கே வருகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைக்கிறோம். அவர்களில் சிலர் பரம்பரையாகக் கற்றவர்கள், சிலர் மாமல்லபுரத்தில் 1957இல் ஏற்பட்ட சிற்பக் கல்லூரி வழியில் வந்தவர்கள். சாரம் கட்டி மேலே ஏறுவதற்கு முன்னால் அவர்கள் செய்கிற முதல் வேலை, தாளில் கோடு போடுவது. நம்ம பிள்ளைகள் கீழே நின்று போனில் படம் எடுக்கிறார்கள். சனிக்கிழமை வகுப்பில் ஒருவனும் ஸ்தபதி ஆகிவிடப் போவதில்லை. அதற்குப் பல வருஷப் பயிற்சி வேண்டும், சாஸ்திரம் வேண்டும். சாமி சிலை செய்யவும் நாம் சொல்லித் தருவதில்லை. விளக்கு, கலயம், சின்னக் குதிரை, அதோடு சரி. ஆனால் ஒரு விரலை மண்ணில் செய்து பார்த்த பிள்ளைக்குத்தான், கோபுரத்தில் இருக்கிற விரல் எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

போன திருக்கார்த்திகைக்கு வகுப்புப் பிள்ளைகள் 86 அகல் விளக்கு செய்தார்கள். தெரிந்த சீன நண்பர் தன் சூளையில் காசு வாங்காமல் சுட்டுக் கொடுத்தார். 11 விளக்கு வெடித்துவிட்டது. அதில் ஏழு ஒரே பையனுடையது. பதினைந்து வயது, பள்ளியில் கடைசி வகுப்பு, யாரிடமும் பேச மாட்டான். உடைந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கிள், ஏன் என்னோடது மட்டும் வெடிச்சது?" என்று கேட்டான். மண் உள்ளே சரியாகக் காயவில்லை, ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் வெடிக்கும் என்று சொன்னேன். "அப்போ அவசரப்பட்டதுதான் தப்பா?" என்றான். அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து மறுபடி ஏழு செய்தான். ஒரு வாரம் முழுக்க நிழலில் காய வைத்தான். தினமும் சாயங்காலம் வந்து திருப்பி வைத்துவிட்டுப் போவான். ஏழும் வெடிக்கவில்லை. கார்த்திகை அன்று பிரகாரத்தில் அவன் விளக்கு எரிந்தபோது நம்மில் பலர் பக்கத்தில்தான் நின்றோம். அவசரப்படாதே என்று பள்ளியில் அவனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்!

அதனால் அண்ணனுக்கும் நிர்வாகத்துக்கும் என் பணிவான வேண்டுகோள்:

வகுப்பு தொடரட்டும். ஆரம்பத்தில் அரை மணி நேரம் தேவாரம், பிறகு மண் வேலை. முடிந்ததும் மண்டபத்தைப் பிள்ளைகளே கழுவுவார்கள், கூட நின்று பார்க்க நான் பொறுப்பு. டியூசனை ஞாயிறு காலை வைப்போம், இரண்டும் வேண்டும். மண் வாங்குகிற செலவை நாங்கள் தொண்டர்கள் நாலு பேர் பகிர்ந்துகொள்கிறோம். அடுத்த கார்த்திகை வரை பாருங்க. சரியில்லை என்றால் நானே வந்து நிறுத்திவிடலாம் என்று சொல்கிறேன்.

பெற்றோர்களே, பிள்ளைகளை அனுப்புங்க. பேரைக் கோயில் அலுவலகத்தில் கொடுத்தால் போதும். பழைய மங்கு யார் வீட்டிலாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீங்க, கொண்டு வாங்க. பிள்ளைகளிடம் காட்டணும்.

என் மகனையும் ஒரு சனிக்கிழமை வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். பார்ப்போம்.

திருச்சிற்றம்பலம்.